காய்ச்சலின் கணக்கு

கணிதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நண்பர்கள் நம் தமிழ் மன்றத்தில் பலர் உண்டு. இலக்கியம் பயில்வோர் மட்டுமல்லர். அறிவியல் பயில்வோரிலும் அத்தகையோர் இருக்கின்றனர். சென்ற கூட்டத்தில் ஒரு நண்பர் எழுந்து, "கணக்கு வயிற்றை நிரப்புமா, நோயைத் தீர்க்குமா?" என்று கேட்டார். அனைவரும் சிரித்தோம். அவர் கேட்டதில் பிற்பகுதிக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். கணக்கு நோயைத் தீர்க்காது, உண்மைதான். ஆனால், நோய் நம் உடலுக்குள் எந்த நாளில் எவ்வளவு தொலைவு சென்றிருக்கும் என்பதைக் கணக்குச் சொல்லும். அதனை அறியாமையால் சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நேர்ந்ததை முதலில் கூறிவிடுகிறேன்.

என் தந்தையார் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவர். சாலைக் கடைத்தெருவில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நீரிழிவு நோய் அவருக்குப் பத்தாண்டுப் பழக்கம். சென்ற ஆண்டு இடவப்பாதி மழை தொடங்கிய வேளையில் என் வகுப்பில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தனர். எனக்கும் காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் விட்டுவிட்டது. அடுத்து அப்பாவுக்கு வந்தது. "எனக்கு வந்ததுதான் அப்பா, மூணு நாள்ல போயிரும்" என்று சொன்னவன் நான்தான். "ஆமாலே, ஆஸ்பத்திரிக்குப் போனா கடைய யாரு பாக்குறது?" என்று அவரும் ஒரு மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தார். அது பாக்டீரியாக்களைக் கொல்லும் மாத்திரை, வைரசைத் தொடாது. ஐந்தாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. மருத்துவமனையில் சேர்த்தபோது ஃபுளூ சுரத்தோடு நுரையீரல் அழற்சியும் கண்டிருந்தது. "காய்ச்சல் தொடங்கிய இரண்டு நாளுக்குள் வந்திருக்கக் கூடாதா?" என்றார் மருத்துவர். பதினொரு நாள் கழித்து வீடு திரும்பினோம். இன்றும் அப்பா மாடிப்படியை நடுவில் ஒருமுறை நின்றுதான் ஏறுகிறார்.

இரண்டு நாள்! ஏன் இரண்டு நாள்? நான்கு நாளாக இருக்கலாகாதா? மருத்துவரைக் கேட்க அப்போது மனம் இடந்தரவில்லை, அவருக்கும் நேரமில்லை. பிறகு நூலகத்தில் அமர்ந்து தேடியபோதுதான், இக்கேள்விக்குரிய விடை மருத்துவ நூல்களில் மட்டுமன்றி என் சொந்தத் துறையாகிய கணக்கிலும் இருக்கக் கண்டேன்.

ஊரின் கணக்கும் உடலின் கணக்கும்

நோயைக் கணக்கில் அடக்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியை 1897-ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் கண்ட ரொனால்டு ராஸ், பின்னர் அந்நோய் பரவும் விதத்தைச் சமன்பாடுகளாக எழுதினார். கசௌலியில் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய மக்கெண்டிரிக் என்னும் மருத்துவர், தாயகம் திரும்பியபின் கெர்மாக் என்பவரோடு சேர்ந்து 1927-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கெர்மாக் ஆய்வுக்கூட விபத்தொன்றில் கண்ணொளி இழந்தவர். சமன்பாடுகளை மனத்திலேயே வைத்து வளர்த்தவர். அவ்விருவரும் தம் கோட்பாட்டுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக் நோயால் இறந்தோர் எண்ணிக்கையே. வாரந்தோறும் ஏறி, உச்சியை எட்டி, இறங்கிய அந்த எண்களின்மீது அவர்களுடைய வளைகோடு அழகாகப் பொருந்தியது.

அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: கொள்ளைநோய் ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது? ஊரில் ஒருவர் விடாமல் எல்லாரும் நோயுற்ற பின்னரா நிற்கிறது? இல்லை. இனி நோய் பற்றக்கூடிய மக்கள் ஓர் அளவுக்குக் கீழே குறைந்ததும், ஒரு நோயாளி தன்னிடமிருந்து இன்னொருவருக்குக்கூட நோயைத் தர முடியாமற் போகிறது. அப்போது நோய் தணிகிறது.

இது ஊரின் கணக்கு. உடலையும் ஓர் ஊராகக் கருதினால் என்ன? நம் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்புறத்தை ஓடு வேய்ந்தாற்போல் மூடியிருக்கும் உயிரணுக்களே அவ்வூரின் குடிமக்கள். ஊரில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுவதுபோல, இங்கே ஓர் அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்கு வைரஸ் தாவுகிறது. ஆகவே அதே கணக்கு, சிறு மாற்றங்களோடு இங்கும் செல்லும். பம்பாயில் மாதக் கணக்கில் நடந்தது இங்கே மணிக் கணக்கில் நடக்கிறது.

மூன்று பத்திகள் கொண்ட பேரேடு

வைரஸ் தானாகப் பெருக இயலாதது. அதற்கு உயிரணுவின் உதவி வேண்டும். அணுவின் மேற்பரப்பில் ஒட்டி, உள்ளே புகுந்து, அவ்வணுவின் தொழிற்சாலையைத் தன் வசமாக்கித் தன்னைப் போன்ற படிகளைச் செய்யவைக்கிறது. சில மணி நேரம் வெளியே ஒன்றும் தெரியாது. பின்னர்ப் புதிய வைரஸ்கள் வெளிப்படத் தொடங்கும். அவற்றை வெளியிட்டுக்கொண்டே அந்த அணு மடிந்துபோகும்.

இதனைக் கணக்கில் எழுதுவது எவ்வாறு? என் தந்தையாரின் கடைப் பேரேட்டை நினைத்துக்கொண்டால் எளிதாக விளங்கும். பேரேட்டில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பத்தி உண்டு. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று எழுதுவார். நமக்கும் மூன்று பத்திகள் வேண்டும்.

முதற் பத்தி, நலமாக உள்ள அணுக்கள். சில நாட்களே நீடிக்கும் இந்நோயில் புதிய அணுக்களின் வரவை ஒதுக்கிவிடலாம், செலவு மட்டுமே. நலமான அணுவும் வைரசும் சந்திக்கும்போதெல்லாம் ஓர் அணு இப்பத்தியிலிருந்து கழிகிறது. எத்தனை சந்திப்புகள் நேரும்? கடைத்தெருவில் கடைகள் இரட்டித்தால் பேரங்கள் இரட்டிக்கும். வாங்குவோரும் இரட்டித்தால் நான்கு மடங்காகும். ஆகவே கூட்டல் அன்று, பெருக்கல்: நலமான அணுக்களின் எண்ணிக்கையை வைரஸ் எண்ணிக்கையால் பெருக்கி, சந்திப்பில் எத்தனை பற்றும் என்பதைக் குறிக்கும் ஓர் எண்ணாலும் பெருக்க வேண்டும்.

இரண்டாம் பத்தி, நோய் பற்றிய அணுக்கள். முதற் பத்தியில் செலவானதெல்லாம் இங்கே வரவு. மடிந்துபோகும் அணுக்கள் செலவு.

மூன்றாம் பத்தி, வெளியே திரியும் வைரஸ்கள். நோய் பற்றிய ஒவ்வோர் அணுவும் மணிக்கு இத்தனை என்று உண்டாக்குவது வரவு. சளியோடு வெளியேறுவதும், செயலிழப்பதும், உடலின் காவற்படையால் அழிவதும் செலவு.

இவ்வளவுதான்! இம்மூன்று வரிகளையும் கணித மொழியில் எழுதினால் அவற்றுக்கு வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று பெயர். பெயரைக் கண்டு அஞ்ச வேண்டா. 'இந்த நொடியில் இருப்பு இவ்வளவு. ஆகவே அடுத்த நொடியில் இவ்வளவு கூடும் அல்லது குறையும்' என்று சொல்வதற்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை. சூழ்ச்சி எங்கே உள்ளது என்றால், ஒரு பத்தியின் இருப்பு மற்றொரு பத்தியின் வேகத்தை ஆட்டிவைப்பதில் உள்ளது. வைரஸ் கூடினால் நலமான அணு வேகமாகக் குறையும். அது குறைந்தால் நோய்பற்றுவது குறையும். அதனால் வைரஸ் வரவு குறையும். மனத்தால் தொடர்ந்து பார்த்தால் தலை சுற்றும். கணிப்பொறி சோர்வின்றித் தொடர்ந்து செல்லும்.

இருபத்திரண்டு

பேரேட்டுக்கு வடிவம் கிடைத்துவிட்டது. அதில் எழுதவேண்டிய எண்கள் எங்கிருந்து வரும்? 2006-ஆம் ஆண்டில் ஆலன் பெரல்சன், காதரின் போஷமின் முதலிய ஐவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. பெரல்சன் அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர். எய்ட்ஸ் நோயாளியின் உடலில் அந்நோயின் வைரஸ் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி அளவில் உண்டாகி அழிகிறது என்பதை 1996-இல் பிறரோடு சேர்ந்து கணக்கிட்டுக் காட்டியவர். ஃபுளூவுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சான்று, தாமாக முன்வந்து ஃபுளூ வைரசை மூக்கில் ஏற்ற ஆறு பேருடையது. அவர்களுடைய மூக்கைக் கழுவிய நீரில் நாள்தோறும் எவ்வளவு வைரஸ் இருந்தது என்று அளந்து வைத்திருந்தனர். அந்த அளவுகளோடு சமன்பாட்டின் வளைகோடு பொருந்தும்வரை எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தனர்.

வைரஸ் புகுந்த அணு ஏறத்தாழ 6 மணி நேரம் வெளிக்கு ஒன்றும் காட்டாமல் இருக்கிறது. பிறகு 5 மணி நேரம் வைரசை உண்டாக்குகிறது. ஆக, பற்றியதிலிருந்து சுமார் 11 மணி நேரமே அதன் வாழ்வு. வெளியே திரியும் வைரசோ 3 மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. அஃதாவது புதிய வரவு நின்றுவிட்டால், ஆயிரம் வைரஸ் 3 மணியில் ஐந்நூறு, 6 மணியில் இருநூற்றைம்பது, ஒரு முழு நாளில் நாலே நாலு! இவ்வளவு விரைவாகச் சாகும் ஒன்று நாட்கணக்கில் நம்மை ஆட்டிவைக்கிறது என்றால், உள்ளே எவ்வளவு விரைவாக உண்டாகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவர்கள் கண்ட எண்களுள் முதன்மையானது 22. தொடக்கத்தில் நோய் பற்றிய ஓர் அணு, தான் மடிவதற்குள் சராசரியாக இருபத்திரண்டு அணுக்களுக்கு நோயைத் தந்துவிடுகிறது. ஊருக்குள் ஃபுளூ பரவும்போது ஒரு நோயாளியிடமிருந்து ஒருவர் அல்லது இருவருக்கே பொதுவாகப் பற்றுகிறது. ஊருக்குள் மெல்ல நடப்பது உடலுக்குள் பாய்கிறது.

இனி, தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் மூச்சுப் பாதையில் 40 கோடி அணுக்கள் இருப்பதாக அந்த ஆய்வாளர்கள் கொண்டனர். ஒரே ஓர் அணுவில் நோய் தொடங்கியதென்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தலைமுறைக்கும் தோராயமாக அரை நாள் என்க.

அரை நாளில் 22 அணுக்கள்.
ஒரு நாளில் 484.
ஒன்றரை நாளில் 10,648.
இரண்டு நாளில் 2,34,256.
இரண்டரை நாளில் 51,53,632.
மூன்று நாளில் 11,33,79,904.

அடுத்த அரை நாளுக்குப் பெருக்கினால் 249 கோடி வருகிறது. ஆனால் இருப்பதே 40 கோடிதான்! ஆகவே பெருக்கல் அங்கே நின்றாக வேண்டும்.

இப்பட்டியலை மறுபடியும் பாருங்கள். இரண்டாம் நாள் முடிவில் பற்றிய அணுக்கள் மொத்தத்தில் ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. மேலும் அரை நாளில் நூற்றுக்கு ஒன்று சொச்சம். அதற்கடுத்த அரை நாளில் நூற்றுக்கு இருபத்தெட்டு! நோயின் அழிவு வேலை முழுவதும் கடைசிச் சில மணி நேரத்தில் நடந்து முடிகிறது. அதற்கு முன் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. தெரியும்போது தீ கூரையைத் தாண்டியிருக்கும்.

இது தோராயக் கணக்கே என்பதை நினைவில் வைக்க வேண்டும். தும்மலின் திவலையோடு வைரஸ் வரும்போது ஓர் அணுவில் மட்டும் தொடங்குவதில்லை. ஆகவே நாட்கள் சுருங்கும். இவ்வாறு தன்னார்வலர்களுக்கு ஃபுளூ ஏற்றிப் பார்த்த 56 ஆய்வுகளை, 1,280 பேருடைய அளவுகளை, 2008-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். வைரஸ் இரண்டாம் நாளிலேயே உச்சியை எட்டுகிறது என்றும், நோயாளி உணரும் துன்பம் மூன்றாம் நாளில்தான் உச்சியை எட்டுகிறது என்றும் தெரிந்தது. காய்ச்சலும் உடல்வலியும் பெரும்பாலும் வைரசின் நேரடி வேலை அல்ல; அதை எதிர்க்கும் நம் உடலின் ஏற்பாடு.  மூன்றில் ஒரு பங்கினருக்கோ அறிகுறியே தோன்றவில்லை.

கணக்குப் பொய்க்கும் இடம்

கணிதத்தில் காதல் கொண்டவன் அதன் குறையையும் மறைக்கலாகாது. மேலே சொன்ன மூன்று பத்திப் பேரேடு நோய் தணிவதற்கு ஒரே காரணத்தைத்தான் அறியும்: எரிவதற்கு வைக்கோல் தீர்ந்துவிட்டது, தீ அணைந்தது. அக்கணக்கைக் கடைசிவரை ஓடவிட்டால், 40 கோடி அணுக்களில் ஒன்றுகூட மிஞ்சாது என்று விடை வருகிறது. உண்மையில் அப்படி நடந்தால் ஃபுளூ வந்த ஒவ்வொருவருடைய மூச்சுப்பாதையும் முற்றிலும் உரிந்துபோக வேண்டும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடுவதைப் பார்க்கிறோம். ஆகவே பேரேட்டில் ஏதோ ஒரு பத்தி விடுபட்டிருக்கிறது.

அந்தப் பத்தியைத் தேடிச் சென்றால் 1957-ஆம் ஆண்டுக்குப் போய்ச் சேருகிறோம். ஆசிய ஃபுளூ என்னும் கொள்ளைநோய் உலகைச் சுற்றிய ஆண்டு அது. நம் நாட்டுக்குள் அது மே மாதத்தில், கடல் வழியாகச் சென்னைத் துறைமுகத்தின் வாயிலாகப் புகுந்தது. சில மாதங்களில் நாடெங்கும் பரவி, பதிவான நோயாளிகள் மட்டும் 44 லட்சத்தைக் கடந்தனர். குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்தில் அமைந்திருந்த ஃபுளூ ஆய்வு மையம் அந்த வைரசை ஆராய்ந்தது.

அதே ஆண்டில் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இருவர், கோழிக்கருவின் சவ்வில் வெப்பத்தால் செயலிழக்கச் செய்த ஃபுளூ வைரசைச் சேர்த்து ஒரு சோதனை செய்தனர். அந்தச் சவ்வு ஏதோ ஒரு பொருளைச் சுரந்தது. அப்பொருளைப் புதிய சவ்வின்மீது ஊற்றியபோது அங்கே உயிருள்ள வைரசும் பெருக முடியவில்லை. அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டனர். வைரஸ் புகுந்த அணு, தான் மடிந்தாலும் அண்டை வீட்டாரை எச்சரித்துவிட்டு மடிகிறது! எச்சரிக்கை பெற்ற அணுக்கள் கதவை அடைத்துக்கொள்கின்றன. ஊரில் ஒரு வீடு எரியும்போது அடுத்த வீட்டார் ஓலைக் கூரையில் நீரைத் தெளிப்பது போன்றது இது.

2006-ஆம் ஆண்டு ஆய்வில் இந்த நான்காம் பத்தியையும் சேர்த்துப் பார்த்தனர். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வைரசின் வளைகோட்டில் ஒரு திமிலுக்குப் பதில் இரண்டு திமில்கள் இருந்தன. வைரஸ் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி இறங்கியது. பழைய கணக்கு இதற்குக் காரணம் காட்ட இயலாது. இன்டர்ஃபெரானைச் சேர்த்ததும் இரண்டாம் திமில் தோன்றியது: எச்சரிக்கை உச்சத்தில் இருக்கும்போது வைரஸ் அடங்குகிறது, எச்சரிக்கை தளர்ந்ததும் மிச்சமிருப்பது மீண்டும் தலை தூக்குகிறது.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு நிற்கிறது. ஒற்றைத் திமில் கொண்ட நோயாளியிடம், வைக்கோல் தீர்ந்ததால் தீ அணைந்ததா, அண்டை வீட்டார் நீர் தெளித்ததால் அணைந்ததா என்பதை மூக்கு நீரில் அளந்த வைரஸ் எண்ணிக்கையை மட்டும் கொண்டு பிரித்தறிய முடியாது. இரண்டு கணக்குகளும் அதே வளைகோட்டைத் தருகின்றன. வளைகோடு பொருந்திவிட்டது என்பதாலேயே காரணமும் சரியென்று கொள்வது பிழை. அணுக்களையும் இன்டர்ஃபெரானையும் சேர்த்து அளந்தால்தான் வழக்குத் தீரும். கணக்கு ஆய்வாளனுக்கு விடையைத் தருவதோடு, இனி எதை அளக்க வேண்டும் என்பதையும் சொல்லித் தருகிறது. இதுவும் ஒரு பயனே.

மருந்தின் கணக்கு

இப்போது என் கேள்விக்கு வருவோம். ஓசெல்டாமிவிர், ஸனாமிவிர் போன்ற ஃபுளூ மருந்துகள் வைரசை நேரே கொல்வதில்லை. புதிதாக உருவான வைரஸ், அணுவின் மேற்பரப்பிலிருந்து தன்னை அறுத்துக்கொண்டு வெளியேற நியூராமினிடேஸ் என்னும் நொதி வேண்டும். மருந்து அந்தக் கத்தரியைப் பிடித்துக்கொள்கிறது. பேரேட்டில் சொன்னால், மூன்றாம் பத்தியின் வரவைக் குறைக்கிறது.

எவ்வளவு குறைத்தால் போதும்? நூற்றுக்குத் தொண்ணூறு குறைக்கும் மருந்தைச் சிறந்தது என்போம். ஆனால் 22-இல் தொண்ணூறு விழுக்காட்டைக் கழித்தால் 2.2 மிஞ்சுகிறது. ஓர் அணு இரண்டு அணுக்களுக்கு மேல் தருகிறது. நோய் மெதுவாக வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அந்த எண் ஒன்றுக்குக் கீழே இறங்கினால்தான் நோய் பின்வாங்கும். அதற்கு மருந்து நூற்றுக்கு 96 பங்கு தடுக்க வேண்டும். 22 என்னும் எண் மருந்தின் முன் எவ்வளவு உயர்ந்த மதிலாக நிற்கிறது என்பது இதனால் விளங்கும்.

இதனினும் பெரியது காலம். மருந்து வரவைத்தான் தடுக்கும். மடிந்த அணுவை எழுப்பாது. முதல் நாளில் கொடுத்தால், காப்பாற்றுவதற்குக் கோடிக்கணக்கான அணுக்கள் இன்னும் இருக்கின்றன. ஐந்தாம் நாளில் கொடுத்தால், மூக்கிலும் தொண்டையிலும் பெருவெள்ளம் வடிந்திருக்கும். வைரஸ் அப்போது தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும். மருந்து அதன் பின்னால் ஓடும்.

அப்படியானால் இரண்டு நாள் என்பது எங்கிருந்து வந்தது? இம்மருந்துகளைச் சோதித்த மருத்துவ ஆய்வுகள் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி 36 அல்லது 48 மணி நேரத்துக்குள் வந்தவர்களிடமே நடந்தன. அந்த எல்லைக்குள் பயன் உறுதிப்பட்டது. அதனால் அது விதியாயிற்று. ஆனால் கணக்கைப் பார்த்தவன் அதை ஒரு கதவாக எண்ணமாட்டான். நாற்பத்தெட்டாம் மணியில் திறந்திருந்து நாற்பத்தொன்பதாம் மணியில் அடைபடுவது அன்று. ஒவ்வொரு மணி நேரமும் பயன் தேய்ந்துகொண்டே போகிறது. இரண்டாம் நாளைவிட முதல் நாள் நன்று. மாலையைவிடக் காலை நன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலம் கடந்துவிட்டது என்று கைவிடுவதும் தவறு. முதியோர், நீரிழிவு நோயர், கருவுற்ற பெண்கள் முதலியோரிடம் நோய் நுரையீரலுக்கு இறங்கி நெடுநாள் நீடிக்கக்கூடும். அங்கே வைரஸ் இன்னும் பெருகிக்கொண்டிருக்கும். ஆகவே பிந்தியேனும் மருந்து தருவதே மருத்துவர் வழக்கம். என் தந்தையாருக்கும் ஐந்தாம் நாளில் கொடுத்தனர். 2009-இல் எச்1 என்1 ஃபுளூ பரவியபோது மைய அரசின் சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்தது. நலமான உடலுடையவருக்கு வரும் இலேசான காய்ச்சல் ஏ. ஓய்வு போதும், இம்மருந்து வேண்டா. ஆபத்து மிகுந்தோர் பி. சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்கலாம். மூச்சுத்திணறல், மார்பு வலி, மயக்கம் முதலியன கண்டால் சி, உடனே மருத்துவமனை. நான் ஏ, அப்பா பி. ஒரே வைரஸ், ஒரே வீடு; ஆனால் ஒரே கணக்கு அன்று. என் மூன்று நாளை அவருடைய மூன்று நாளாக எண்ணியதே நான் செய்த பிழை.

நம்மருகே

இத்துறை அயல்நாட்டாருக்கே உரியது என்று எண்ண வேண்டா. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியர் நரேந்திர தீட்சித் உடலுக்குள் வைரஸ் பெருகும் கணக்கையே தம் ஆய்வுத் துறையாகக் கொண்டவர். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோயில், இன்டர்ஃபெரானோடு ரிபாவிரின் என்னும் மருந்தைச் சேர்த்தால் ஏன் கூடுதல் பயன் கிடைக்கிறது என்பதைப் பெரல்சன் முதலியோரோடு சேர்ந்து 2004-இல் சமன்பாடுகளால் விளக்கினார். சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த சிதாப்ர சின்கா, 2020-இல் கொரோனா பரவியபோது ஒரு நோயாளியிடமிருந்து எத்தனை பேருக்குப் பற்றுகிறது என்பதை மாநிலவாரியாகக் கணக்கிட்டு வந்தார். நம் காரியவட்டத்திலிருந்து வடக்கே சென்றால் மகாகவி குமாரன் ஆசான் வாழ்ந்த தோன்னக்கல் வருகிறது. அங்கேயே இன்று வைரஸ் ஆய்வுக்கென ஒரு நிலையம் நிற்கிறது. பேருந்தில் போகும்போது எட்டிப் பார்க்கும் தொலைவில் உள்ளது. கணிதம், இயற்பியல், உயிரியல் எதைப் பயில்வோருக்கும் அத்தகைய இடங்களில் வேலை உண்டு.

மற்ற நண்பர்களுக்கு இக்கணக்கிலிருந்து கிடைக்கும் செய்திகள் சிலவே. காய்ச்சல் தெரிவதற்கு முன்னரே நம்மிடமிருந்து வைரஸ் வெளிப்படத் தொடங்குகிறது. ஆகவே தொண்டை கரகரத்த முதல் நாளே வகுப்பையும் வீட்டு முதியோரையும் விட்டு விலகியிருத்தல் நலம். வீட்டில் நீரிழிவு, ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர் இருந்தால் ஆண்டுதோறும் போடும் ஃபுளூ தடுப்பூசியைப் பற்றி மழைக்கு முன்னரே மருத்துவரைக் கேளுங்கள். அவர்களுக்குக் காய்ச்சல் கண்டால், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். அந்த ஒரு நாளில் இருபத்திரண்டு, பத்தாயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டாகிவிடும்.

இவ்வளவையும் ஒரு மாலையில் அப்பாவுக்குச் சொன்னேன். பேரேட்டுக் கணக்கு என்றவுடன் ஆவலோடு கேட்டார். "அப்போ கையிருப்பு தீர்றதுக்கு முன்னால சரக்கு வண்டிய மறிக்கணும், அதானலே?" என்றார். மூன்று சமன்பாடுகளையும் அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். இந்த ஆண்டு ஆனி மாதத்தில் அம்மாவுக்கு உடம்பு சுட்டபோது, கடைப் பேரேட்டின் ஓரத்தில் அவரே எழுதி வைத்திருந்தார்: 'செவ்வாய், காலை 7 மணி, காய்ச்சல்.' ஒன்பது மணிக்கெல்லாம் கடையைப் பூட்டிவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் சென்றுவிட்டார். கணக்கு நோயைத் தீர்க்குமா என்று கேட்ட நண்பருக்கு இதைவிட வேறு விடை என்னிடம் இல்லை.